கடலுக்கு மேலே ஒரு வெளிச்சம்: பறக்கும் தட்டு விசாரணைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, "அண்ணே, நீங்க பறக்கும் தட்டைப் பாத்திருக்கீங்களா?" என்பதுதான். நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தொண்டியிலிருந்து ரோஜ்மாநகர் வரை, வலை பின்னும் இடத்தில், டீக்கடை பெஞ்சில், மீன் ஏலம் போடும் கரையில். அவர்களில் பொய் சொன்னார் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. எல்லாரும் எதையோ பார்த்திருக்கிறார்கள். அது என்ன என்று தேடுவதுதான் எங்கள் வேலை. வேற்றுக்கிரகவாசி உண்டா இல்லையா என்று வாதாடுவது எங்கள் வேலை இல்லை.

இந்தத் துறையின் பெயரே, சொன்னதைப் பிசகாக எடுத்துக்கொண்டதில் பிறந்தது. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி, ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வேகமாகப் போவதைப் பார்த்தார். தண்ணீரில் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் கண்மாயில் ஓட்டாஞ்சில்லு எறிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கி, ‘பறக்கும் தட்டு’ என்று எழுதிவிட்டன. அதன்பிறகு உலகம் முழுக்க எல்லாரும் தட்டையே பார்த்தார்கள். சாட்சி சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல் மாதம்: வானத்தைப் பழகுங்கள்

முதல் மாதம் யாரையும் விசாரணைக்கு அழைத்துப் போவதில்லை. வானத்தில் வழக்கமாக இருப்பதைத் தெரியாதவருக்கு, வழக்கத்துக்கு மாறானது எது என்றும் தெரியாது.

நம் ராமநாதபுரம் கரைக்கு ஒரு வசதி உண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம் ஊரில் நின்றால் இரண்டு கடலையும் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம். அரியமான் கரையில் வடக்குப் பார்த்து நில்லுங்கள். கையை முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கடல் விளிம்பில் முட்டியை வைத்தால், அதன் மேல்விளிம்பு ஒட்டி மங்கலாகத் தெரிவது துருவ நட்சத்திரம். நம் ஊரில் அது அவ்வளவு தாழ்வாகத்தான் இருக்கும். நீட்டிய கையில் சுண்டுவிரல் அகலம் 1 பாகை, முழுநிலா அரைப் பாகை. வேறு கருவி எதுவும் வாங்கும் முன்னால் இந்தக் கை அளவு பழகிவிட வேண்டும்.

அப்புறம் தெற்கே வாருங்கள். தை, மாசி மாதங்களில் ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் முன்னிரவில் தெற்கு வானில் தாழ்வாக ஒரு பெரிய நட்சத்திரம் தெரியும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். அது கடல் விளிம்பை ஒட்டி நிற்கும்போது நிறைய காற்றைக் கடந்து ஒளி வருவதால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி வெட்டும். "கலர் கலரா மாறுச்சு, அசையாம நின்னுச்சு" என்று தெற்குக் கரையிலிருந்து தகவல் வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதன்மேல்தான்.

வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். விடிவெள்ளியாக இருக்கும்போது கடல்காரர்கள் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் மாலையில் மேற்கே, பனை மரங்களுக்கு நடுவே, கார் ஓட்டிக்கொண்டே பார்க்கிறவருக்கு அது கூடவே ஓடி வரும். இதில் யாரையும் குறைவாக நினைக்க வேண்டாம். லடாக்கில் சீன எல்லையில் காவல் நின்ற நம் ராணுவத்தினரே 2012-13இல் மாதக்கணக்கில் ஒளிப்பொருள்களைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். சீனாவின் உளவு ட்ரோன் என்று சந்தேகம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து சொன்னது: வியாழனும் வெள்ளியும்.

செயற்கைக்கோளுக்கு ஒரு கணக்கு உண்டு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. விட்டுவிட்டு மின்னாது, சத்தம் வராது, அதிகம் போனால் ஆறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். சில நேரம் நடுவானிலேயே மங்கி அணைந்துபோகும். அது பூமியின் நிழலுக்குள் நுழைகிற இடம். 2019 மே மாதம் முதல் கூட்டம் கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய சில நாள்களுக்குச் சீரியல் விளக்குச் சரம் போல வரிசையாகப் போகும். இவையெல்லாம் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும், விடிவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள்ளும்தான் பெரும்பாலும் தெரியும். நள்ளிரவு 12 மணிக்குத் தலைக்கு மேல் பார்த்ததை ‘ஸ்டார்லிங்க்’ என்று எழுதி முடித்தால், அந்தப் பக்கத்தை நான் கிழித்துவிடுவேன்.

கரையில் இரவு நிற்பது

இதைப் படிக்காமல் யாரும் கரைக்கு வர வேண்டாம். இது எல்லைக் கடல். இரவில் பைனாகுலரும் கேமராவுமாகக் கரையில் நின்றால், கடலோரக் காவல் குழுமத்தார் வந்து விசாரிப்பார்கள், விசாரிக்கத்தான் வேண்டும். நாங்கள் போகும் ஒவ்வொரு இரவுக்கும் முன்கூட்டியே அந்தந்தக் காவல் நிலையத்தில் கடிதம் கொடுக்கிறோம். ஆதார் அட்டை கையில் இருக்க வேண்டும். ஊர்த் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறோம்.

டார்ச்சைக் கடல் பக்கம் அடிக்கக் கூடாது. படகில் இருப்பவர் அதைச் சைகை என்று எடுத்துக்கொள்வார், ரோந்தில் இருப்பவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய சின்ன டார்ச் போதும், அதுவும் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க மட்டும். லேசர் விளக்குக்கும் ட்ரோனுக்கும் எங்கள் குழுவில் இடமே இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. அந்தத் திசையில் படம் எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அரிச்சல்முனையில் இரவு தங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடியாது, மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாள் தேர்வில் ஒன்று மட்டும். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைதான் எங்கள் வழக்கம். ஆனால் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தேவிபட்டினம், ராமேஸ்வரம் பக்கம் போகாதீர்கள். லட்சம் விளக்குக்கு நடுவே வானம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம்மை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும். அந்த மாதங்களில்தான் பழைய பதிவுகளை எடுத்துச் சரிபார்க்கிறோம்.

சாட்சியிடம் கேட்பது

விசாரணையில் முக்கால்வாசி இதுதான். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. சாட்சிகள் பலர் இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். டீக்கடையில் நான்கு பேரை ஒன்றாக வைத்துக் கேட்டால், பெரிய குரல் உள்ளவர் பார்த்ததையே நால்வரும் பார்த்திருப்பார்கள்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க." அதன்பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சேர்ந்த புதிதில் நான் பெரியபட்டினம் பக்கம் ஒரு பாட்டியிடம், "தட்டு மாதிரி வட்டமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "ஆமாப்பா, வட்டமாத்தான்" என்றார். அதற்கு முன்னால் அவர் என்ன வடிவம் சொல்லியிருப்பார் என்று இனி யாருக்கும் தெரியாது. அந்தப் பதிவு பாழானது என்னால்.

உயரத்தைக் கேட்டால் "ரெண்டு பனை உயரம்" என்பார்கள். அதை மீட்டராக மாற்றி எழுதாதீர்கள். இருட்டில் ஒரு வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனிதக் கண்ணால் சொல்ல முடியாது. தூரம் தெரியாவிட்டால் உயரமும் தெரியாது, வேகமும் தெரியாது. தெரிவது கோணம் மட்டும். அதனால் சாட்சியைப் பார்த்த இடத்திலேயே, பார்த்த மாதிரியே நிற்கச் சொல்லுங்கள். கை முட்டியை நீட்டி, விளிம்பிலிருந்து எத்தனை முட்டி என்று காட்டச் சொல்லுங்கள். திசைக்கும் அப்படியே: "எந்தப் பக்கம்?" என்றால் கடல்காரர் "வாடைப் பக்கம்", "கச்சான் பக்கம்" என்று காற்றை வைத்துச் சொல்வார். அதை அப்படியே எழுதி, பக்கத்தில் அவர் கை காட்டும் திசையைக் காம்பஸில் பார்த்துப் பாகையையும் எழுதுங்கள். இரண்டும் வேண்டும்.

நேரம்தான் கஷ்டம். "ஒரு பீடி பிடிக்கிற நேரம்" என்பது நல்ல பதில், "பத்து நிமிஷம்" என்பதைவிட நம்பலாம். கண்ணை மூடி, நடந்ததை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தொடங்கும்போதும் முடியும்போதும் ‘சரி’ என்று சொல்லச் சொல்லுவோம். நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எத்தனை மணிக்கு என்பதற்குப் பெரிய உதவி போன்தான். அந்த நேரத்தில் யாரையாவது கூப்பிட்டீர்களா என்று கேளுங்கள். பயந்தவர் யாரையாவது கூப்பிட்டிருப்பார், நிமிடம் உட்பட அதில் பதிந்திருக்கும்.

‘அசைந்தது’ என்றால், எதை வைத்து அசைந்தது என்று கேளுங்கள். சுற்றிலும் இருட்டாக இருக்க ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால், நிற்கும் வெளிச்சமும் ஊர்வதுபோலத் தோன்றும். கண்ணின் இயல்பு அது. பனை மரத்தையோ படகின் கொம்பையோ ஒட்டிப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. நீங்களே பார்க்கும்போதும் தலையை மரத்தில் சாய்த்துக்கொண்டு பாருங்கள்.

ஒரு பதிவு, முழுசாக

மீன் வண்டி ஓட்டும் ஒரு தம்பி. வாலிநோக்கம் கரையில் வல்லம் (நாட்டுப்படகு) வந்து சேரக் காத்திருந்தவர், வண்டியிலேயே தூங்கி விடியக்காலை விழித்திருக்கிறார். அவர் சொன்னபடியே எங்கள் நோட்டில் இருப்பது: "கடலுக்குள்ள இருந்து ரெண்டு செவப்பு லைட்டு எந்திரிச்சுச்சு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. கொஞ்ச நேரத்துல ரெண்டும் கீழ்ப்பக்கமா சேந்து தட்டு மாதிரி ஆயிருச்சு. மேல போயி அப்படியே காணாமப் போச்சு."

நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கரைக்கு அழைத்துப் போனோம். கிழக்கே, கொஞ்சம் தெற்கு தள்ளிக் கை காட்டினார். சுண்டுவிரலை நீட்டச் சொன்னோம். இரண்டு விளக்கும் அரை விரலுக்குள் அடங்கும் என்றார். பயத்தில் மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார், போனில் 3 மணி 24 நிமிடம். மறைந்ததும் ஒரேயடியாக இல்லை, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக.

குழுவில் ஒருவர் வீட்டுக்குப் போய் நாள்காட்டித் தாளைப் பார்த்தார். தேய்பிறை துவாதசி. வானத்தைக் காட்டும் ஸ்டெல்லாரியம் செயலியில் அந்த நாளையும் ஊரையும் போட்டுப் பார்த்தால் நிலா உதயம் 3 மணி 18 நிமிடம், அதே திசை. நிலாவின் அகலம் அரைப் பாகை, அதாவது அரைச் சுண்டுவிரல். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தேய்பிறையின் கடைசி நாள்களில் நிலா தோணி மாதிரி மல்லாந்து எழும். ஒளிவிடும் பக்கம், கடலுக்குக் கீழே இருக்கும் சூரியனைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கும். கொம்புகள் மேலே. ஆகவே முதலில் கடலுக்கு வெளியே வருவது இரண்டு கொம்பு நுனிகள். விளிம்புப் புழுதியில் இரண்டும் சிவந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் அடிப்பாகமும் ஏறி, ஒரு கிண்ணமாகச் சேர்ந்துவிடும். அன்றைக்கு மேலே மேகப் பட்டை இருந்ததால் முழுப் பிறையாக அவர் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போனது.

நாங்கள் அதோடு முடிக்கவில்லை. அடுத்த மாதம் அதே திதியில் அவரையும் கூட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றோம். விளிம்பு தெளிவாக இருந்தது. வலப்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி, அது நின்று எரிந்தது. மெல்ல இடப்பக்கம் இன்னொன்று. இருட்டுக் கடலில் இரண்டு கண் விழித்த மாதிரி. நிலாதான் என்று தெரிந்திருந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் சத்தம் போடாமல், "இதேதாண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் பதிவை மூடினோம்.

எதை எதைச் சரிபார்ப்பது

வரிசை இது. முதலில் நிலா, கிரகம், பெரிய நட்சத்திரம். இவை மணிக்கு ஒன்றரை முட்டி நகரும், அதற்கு மேல் போனதென்றால் வேறு எதையாவது தேடுங்கள். அடுத்து செயற்கைக்கோள், ஹெவன்ஸ் அபவ் தளத்தில் பழைய தேதிகளுக்கும் பார்க்கலாம். பிறகு விமானம். கொழும்புக்குப் போகும் வரும் விமானங்கள் நம் தலைக்கு மேல் போகின்றன. நேராக நம்மை நோக்கி முன்விளக்கோடு வரும் விமானம் பல நிமிடம் அசையாமல் நிற்பது போலிருக்கும். விமானங்கள் போகும் வழியைக் காட்டும் ஃப்ளைட்ரேடார் தளத்தில் பார்க்கலாம். ஆனால் ராணுவ விமானங்களும் ஆளில்லா விமானங்களும் பெரும்பாலும் அதில் காட்டாது என்பதை மறக்காதீர்கள்.

அப்புறம் கடல். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இழுவலை போடும் படகுக்குப் பச்சைக்குக் கீழே வெள்ளை என்று விதி. நம் படகுகளில் கிடைத்த எல்இடியைக் கட்டியிருப்பார்கள் என்பதும் உண்மை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலில் இருக்காது, நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அந்த நாள்களில் தெரியும் வெளிச்சத்துக்கு ஆள் தேடுவது சுலபம். மண்டபம் கடலோரக் காவல் படையிடம் ஹோவர்கிராஃப்ட் இருக்கிறது. கடலிலிருந்து இரைச்சலோடும் விளக்கோடும் வந்து மணலில் ஏறும். முதல்முறை பார்த்தவர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்.

ராக்கெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி., இலங்கைக்கு மேல் போகாமல் கடலில் வளைந்து தெற்கே போகிறது. நமக்கு இருட்டிவிட்ட நேரத்தில் மேலே அதன் புகைக்கு இன்னும் வெயில் கிடைத்தால், சொறிமீன் மாதிரி விரிந்த வெள்ளை ஒளியாகத் தெரியும். அதனால் ஏவும் தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட் கிளம்பத் தொடங்கினால் மன்னார் வளைகுடாக் கரை முழுக்க நமக்குத் தொலைபேசி அழைப்புதான்.

எரிந்து விழும் ராக்கெட் பாகத்துக்கும் எரிகல்லுக்கும் வித்தியாசம் நேரம். எரிகல் ஓரிரண்டு விநாடி. ராக்கெட் பாகம் மெதுவாக, துண்டு துண்டாக, அரை நிமிடத்துக்கு மேலும் போகும். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்தில் ஊரே பார்த்தது அப்படித்தான். சீன ராக்கெட்டின் பாகங்கள் சந்திரபூர் மாவட்டத்தில் விழுந்தே கிடந்தன. நம் கடலில் வலையில் அப்படி ஏதாவது சிக்கினால் தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. உடனே சொல்லுங்கள்.

வீடியோவுக்கு ஒரே விதி: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியது உதவாது. அதில் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் போய்விடும். எடுத்தவரின் போனிலிருந்தே டாக்குமென்டாக வாங்குங்கள். படத்தில் ஒரு தெருவிளக்கும், அதற்கு நேர் எதிர் மூலையில் ஒரு பச்சைப் புள்ளியும் இருந்தால் அது லென்ஸுக்குள் விழுந்த பிரதிபலிப்பு.

பதிவேடு

பிரான்சின் விண்வெளி அமைப்பு 1977 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. அவர்களுடைய நான்கு வகையைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஏ: தெரிந்துவிட்டது. பி: அநேகமாக இதுதான். சி: தகவல் போதாது. டி: தகவல் போதுமான அளவு இருந்தும் விளங்கவில்லை. ‘சி’க்கும் ‘டி’க்கும் உள்ள வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விளங்காத எல்லாவற்றையும் ‘டி’யில் போடுகிறவர்களும் உண்டு, பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘ட்ரோன்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் சாட்சிக்குச் செய்கிற துரோகம் என்றே நான் நினைக்கிறேன். ட்ரோன் என்று எழுத வேண்டுமானால் ட்ரோன் என்று காட்டுங்கள்.

முடிவு எதுவானாலும் சாட்சியின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பதிவை மூட வேண்டும். பெயரை வெளியே சொல்லக் கூடாது. சின்ன ஊர், ஒரு கேலிப் பேச்சு போதும், அடுத்தவர் வாயே திறக்க மாட்டார்.

எங்கள் பதிவேட்டில் டி என்று இருப்பது ஒன்றே ஒன்று. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் மூன்று பேரும், மண்டபத்தில் ஒரு காவலாளியும், ஒருவரையொருவர் தெரியாதவர்கள். ஒரே விடியலில், ஒரே நேரத்தில், கடலுக்கு மேல் ஒரு வெள்ளை ஒளி செங்குத்தாக ஏறி, நின்று, வந்த வழியே இறங்கியதைச் சொன்னார்கள். இரண்டு இடத்திலிருந்தும் காம்பஸ் திசையை வரைபடத்தில் கோடாகப் போட்டோம். நட்சத்திரமாக இருந்தால் இரண்டு கோடும் சேராமல் இணையாகப் போயிருக்கும். இவை குருசடைத் தீவுக்கு வெளியே கடலில் வெட்டிக்கொண்டன. ஆக, பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று. வரிசையில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், ஒன்றும் பொருந்தவில்லை. பாதுகாப்புப் படைகளின் வேலையாக இருந்தால் அதை நாம் கேட்டு வாங்க முடியாது, கேட்கவும் கூடாது.

அந்தப் பெண்களில் மூத்தவர் என்னைப் பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கும்போதெல்லாம், "என்னன்னு தெரிஞ்சுச்சா தம்பி?" என்று கேட்பார். "இன்னும் இல்லை பெரியம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதிவுக்குப் பின்னால் இரண்டு தாளை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறோம்.